பெயரைச் சொல்வதற்கும் அனுமதி வேண்டும்: அபோரிஜினல் மக்களோடு படம் எடுப்பவர்களுக்கு

அறிவிப்பு: காலமான அபோரிஜினல், டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் சிலரின் பெயர்கள் இந்தப் பதிவில் வருகின்றன.

நம் வீட்டில் ஒருவர் இறந்தால் முதல் வேலையாக நல்ல படம் ஒன்றைத் தேடுகிறோம். பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை சூட்டி, விளக்கேற்றுகிறோம். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறோம். பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் நமக்கு மரியாதை. ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளான அபோரிஜினல் மக்களின் பல சமூகங்களில் துக்க மரியாதை இதற்கு நேர் எதிரானது. அங்கே இறந்தவரின் பெயர் பேச்சிலிருந்து எடுக்கப்படும், படம் கண்ணில் படாமல் வைக்கப்படும், குரல் பதிவு ஒலிக்காது. சிட்னியிலும் மெல்பர்னிலும் குறும்படம், ஆவணப்படம் எடுக்கும் தமிழ் இளைஞர்களுக்கும், மேடையில் ஆதிக்குடிகளுக்கு அஞ்சலி செலுத்த விரும்பும் நம் சங்கங்களுக்கும் இந்த ஒரு வேறுபாடு தெரியாவிட்டால், நல்லெண்ணத்தோடு செய்ததே ஒரு குடும்பத்தைக் காயப்படுத்திவிடும்.

மத்திய ஆஸ்திரேலியாவில் பிட்ஜன்ஜட்ஜாரா பேசுவோர் இறந்தவரின் பெயருக்குப் பதிலாக ‘குன்மனாரா’ என்பார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்து அரெர்ன்டே மக்களுக்கு வேறொரு பதிலிப் பெயர் உண்டு. அதே பெயர் கொண்ட உயிரோடிருப்பவரும் அந்தத் துக்க காலம் முழுக்கப் பதிலிப் பெயராலேயே அழைக்கப்படுவார். படக்குழுவுக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. ஊரில் ஒரு சாவு விழுந்த மறுநாள் கால் ஷீட்டில் (அன்றைய படப்பிடிப்பு அட்டவணைத் தாளில்) அதே பெயர் கொண்ட உங்கள் உதவியாளரின் பெயர் அச்சாகி வந்தால், அதைக் கையில் வாங்குபவர் துக்க வீட்டுக்காரராக இருக்கலாம். அன்றைக்கே தாளை மாற்றி அச்சடியுங்கள்.

எத்தனை நாள் இப்படி என்பதற்குப் பொது விதி கிடையாது. யோத்து யின்டி குழுவின் பாடகர் 2013 ஜூனில் காலமானபோது, குடும்பம் கேட்டுக்கொண்டதால் ஊடகங்கள் முதல் பெயரை விட்டு ‘டாக்டர் யுனுபிங்கு’ என்று எழுதின. நடிகர் டேவிட் குல்பிலில் 2021 நவம்பர் 29 அன்று இறந்தார். மூன்று நாட்களுக்கு மட்டும் ‘டேவிட் டலைத்து’ என்ற பெயர் வழங்கியது, பிறகு பழைய பெயருக்கே திரும்ப அனுமதி இருந்தது. 2022 ஜூலையில் பாடகர் ஆர்ச்சி ரோச் மறைந்தபோது, அவருடைய பெயரும் படமும் பாட்டும் தொடர்ந்து ஒலிக்கட்டும் என்று குடும்பமே சொன்னது. இவ்வளவு வேறுபாடு இருப்பதால்தான் இணையத்தில் கிடைக்கும் ‘ஓராண்டு காலம்’ போன்ற கணக்குகளை நம்பக் கூடாது என்கிறேன். அந்தக் குடும்பம் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. அனுமதி கிடைத்த பிறகும் பெயரை மறைத்துக்கொண்டிருப்பதும் அவர்கள் பேச்சைக் கேட்காததுதான்.

ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் இடையே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளின் முறையே தனி. அங்கே அடக்கம் முடிந்து, பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ கழித்து, கல்லறைக் கல்லைத் திறக்கும் விழா நடக்கும். துணியால் மூடிய கல்லைத் திறந்து பெயரை எல்லோரும் பார்க்க, விருந்தும் ஆட்டமும் உண்டு. நடுகல் மரபில் வந்த நமக்கு இது உடனே புரியும். இந்தத் தீவுக்காரரான எடி மாபோ தொடுத்த நில உரிமை வழக்கில் 1992 ஜூன் 3 அன்று தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஜனவரியிலேயே இறந்துவிட்டார். தீர்ப்பின் மூன்றாம் ஆண்டு நாளான 1995 ஜூன் 3 அன்று டவுன்ஸ்வில்லில் அவருடைய கல் திறக்கப்பட்டது. அன்றிரவே யாரோ அதைச் சிதைத்தார்கள். குடும்பம் அவரது உடலை அவர் பிறந்த மேர் தீவுக்குக் கொண்டுபோய் மீண்டும் அடக்கம் செய்தது. வழக்கு நடந்த காலத்திலிருந்தே மாபோவோடு படம் எடுத்துக்கொண்டிருந்த வெள்ளையரான இயக்குநர் டிரெவர் கிரகாம், கல் திறப்பைப் படமாக்கத்தான் போயிருந்தார். சிதைப்பும் மறு அடக்கமும் அவருடைய 1997ஆம் ஆண்டு ஆவணப்படத்துக்குள் வந்தன. தீர்ப்பு வந்த அன்றே கேமராவை மூட்டை கட்டியிருந்தால் அந்தப் பதிவே இருந்திருக்காது. துணை நிற்பது என்றால் இவ்வளவு ஆண்டுகள் ஆகும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, யாரிடம் கேட்பது. ‘ஊர்ப் பெரியவர் சரி என்றார்’ என்று சொல்லிக் கேமராவை எடுப்பதில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது. மத்திய ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மக்களிடம் ஒரு நிலத்துக்கும் அதன் சடங்குக்கும் தந்தை வழியில் உரிமை பெறுவோர் ‘கிர்டா’. தாய் வழியில் அதே நிலத்துக்குக் காவல் பொறுப்பு ஏற்போர் ‘குர்டுங்குர்லு’. சடங்கை முன்னவர் நடத்தும்போது அது முறைப்படி நடக்கிறதா என்று பின்னவர் பார்த்துக்கொள்வார். வடக்கே உள்ள ஆர்னம் லேண்டில் இந்தக் காவல் பொறுப்பில் இருப்பவரை ‘ஜுங்காயி’ என்கிறார்கள். உரிமையாளர் ஒருவர் மட்டும் போட்ட கையெழுத்து பாதி அனுமதிதான். ஜுங்காயி வந்து ‘இதை யார் எடுக்கச் சொன்னது’ என்று கேட்டால், எடுத்த காட்சியைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

ஒரு கலைப்பொருளில் குலத்துக்குள்ள பங்கை நீதிமன்றமும் பேசியிருக்கிறது. கனல்பிங்கு குலத்து ஓவியர் புலுன் புலுன் வரைந்த வாத்தும் அல்லியும் உள்ள ஓவியத்தை அனுமதியில்லாமல் துணியில் அச்சிட்டு இறக்குமதி செய்த நிறுவனத்தின் மீது வழக்கு நடந்தது. 1998இல் ஃபெடரல் நீதிமன்றம், பதிப்புரிமை ஓவியருடையதுதான், குலத்துக்கு அதில் கூட்டு உரிமை இல்லை என்றது. ஆனால் குலத்தின் சடங்கு அறிவைப் பயன்படுத்தி வரைந்தவர் என்பதால், அந்தக் குலத்தின் நலனுக்கு எதிராக அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் காக்கும் நம்பிக்கைக் கடமை அவருக்கு உண்டு என்றும் சொன்னது. பதிப்புரிமைச் சட்டம் தனி மனிதரைத்தான் பார்க்கும். குலத்தின் உரிமை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதினால்தான் படத்தில் நிற்கும். அந்தப் பிரிவை எழுதாமல் விடும் வழக்கறிஞரை மாற்றுங்கள்.

நார்தர்ன் டெரிட்டரியில் அபோரிஜினல் நிலத்துக்குள் நுழையவே பர்மிட் வேண்டும். வடக்கே நார்தர்ன் லேண்ட் கவுன்சில், மையப் பகுதியில் சென்ட்ரல் லேண்ட் கவுன்சில் தருகின்றன. சுற்றுலா பர்மிட்டில் போய்ப் படம் எடுக்கக் கூடாது, படப்பிடிப்புக்குத் தனி விண்ணப்பம். புனிதப் பாறையான உலுருவில் எந்தப் பக்கத்தை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று பூங்கா நிர்வாகமே வரையறுத்திருக்கிறது. பர்மிட்டுக்கு வாரங்களோ மாதங்களோ ஆகும். நான்கு ஊர்களில் சிதறியிருக்கும் உரிமையாளர்களை அலுவலர்கள் போய்ப் பார்த்துக் கேட்க வேண்டியிருப்பதுதான் காரணம். அலுவலகத்தைத் தொலைபேசியில் விரட்டுவதால் எதுவும் வேகமாகாது. மழைக்காலத்தில் ஆர்னம் லேண்டின் மண் சாலைகள் மூடப்படும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இதையெல்லாம் கதைக்கு வெளியே உள்ள தொல்லை என்று நினைப்பவர்கள் 2006இல் வந்த ‘டென் கனூஸ்’ எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். முழுக்க அபோரிஜினல் மொழிகளில் பேசிய முதல் ஆஸ்திரேலியக் கதைப்படம். ரோல்ஃப் டி ஹீர், ஆர்னம் லேண்டின் ராமிங்கினிங் ஊர்க்காரரான பீட்டர் ஜிகிர்ரோடு சேர்ந்து இயக்கினார். தொடக்கம் ஒரு புகைப்படம். மானிடவியலாளர் டொனால்ட் தாம்சன் 1930களில் அராஃபுரா சதுப்பில் எடுத்தது, பத்துப் பேர் பத்துப் பட்டைத் தோணிகளில் நிற்பார்கள். அதை இயக்குநருக்குக் காட்டியவர் குல்பிலில். படத்தில் இருப்போர் இன்னாரின் தாத்தா, இன்னாரின் பெரியப்பா என்று ஊரே அடையாளம் சொன்னது. யார் யாராக நடிப்பது என்பதை அந்த உறவே முடிவு செய்தது. அந்தப் பகுதியின் யொல்ங்கு மக்களில் ஒவ்வொருவரும் துவா அல்லது யிரிட்ஜா என்ற இரு பாதிகளில் ஒன்றைச் சேர்ந்தவர், மணஉறவு எதிர்ப் பாதியில்தான். ஆகவே திரையில் கணவன் மனைவியாக வருபவர்களும் முறைப்படி மணக்கக்கூடிய உறவில் இருந்தாக வேண்டும். அத்தை மகள், மாமன் மகன் என்று முறை பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதைவிட முக்கியமான சிக்கல் கதையில் வந்தது. ஊர் விரும்பியது வாத்து முட்டை தேடிப் போகும் பயணத்தை. அதில் மோதல் இல்லை. மோதலை அந்தக் காலத்துக்குள் புகுத்தினால் தங்கள் முன்னோர் தப்பு செய்ததாகக் காட்டுவதாகிவிடும் என்று மக்கள் மறுத்தார்கள். இன்னொரு பக்கம், அந்தக் காலம் தாம்சனின் படங்களைப் போலக் கறுப்பு வெள்ளையில் இருக்க வேண்டும் என்பது ஊரின் எண்ணம், முதலீட்டாளர் ஒப்பந்தமோ வண்ணப் படம் கேட்டது. இரண்டுக்கும் ஒரே விடை கிடைத்தது. முட்டைப் பயணம் கறுப்பு வெள்ளையில் அமைதியாக நடக்கும். அதற்குள் ஒரு மூத்தவர் தம்பிக்குச் சொல்லும் மிகப் பழைய புராண காலக் கதை வண்ணத்தில் வரும், ஆசையும் கொலையும் அங்கே நடக்கும். விமர்சகர்கள் பாராட்டிய அந்த இரட்டை அமைப்பு, மக்கள் மறுத்ததை மதித்ததால் பிறந்தது. கான் திரைப்பட விழாவில் சிறப்பு நடுவர் பரிசும் கிடைத்தது. படத்துக்காகவே ஊர் மூத்தவர்கள் மரப்பட்டை உரித்து, தீயில் வாட்டி மடக்கி, முனையைத் தைத்துப் பழைய சதுப்புத் தோணிகளை மறுபடி செய்தார்கள்.

ஆவணப்படத்தில் இதற்கு முன்னோடி ‘டூ லாஸ்’. 1980களின் தொடக்கத்தில் நார்தர்ன் டெரிட்டரியின் பொர்ரோலூலா ஊர் மக்களோடு கரோலின் ஸ்ட்ராகனும் அலெசாண்ட்ரோ கவடினியும் எடுத்தது. எதைப் பேசுவது, யார் பேசுவது, எதை நடித்துக் காட்டுவது என்பதெல்லாம் ஊர்க்கூட்டத்தில் முடிவானது. 1933இல் போலீஸார் மக்களைச் சங்கிலியிட்டு நடத்திக் கூட்டிச் சென்றதை அதில் மக்களே நடித்துக் காட்டுகிறார்கள். கவனிக்க வேண்டியது லென்ஸ். படம் முழுக்க அகலக் கோண லென்ஸ். பேசுபவரின் முகத்துக்கு அருகே போகும் க்ளோசப் அங்கே சரிப்படாது. அவர் சொல்வதற்குச் சாட்சியாக, பேசும் உரிமையை உறுதிசெய்பவர்களாகச் சுற்றி உட்கார்ந்திருப்போர் சட்டகத்துக்குள் தெரிய வேண்டும். யாருக்குப் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதற்கும் முறை உண்டு, தனியாகப் பிடித்து உட்கார வைத்தால் அது குலையும். நேர்காணல் என்றாலே 85 மி.மீ. லென்ஸும் மங்கலான பின்னணியும் என்று பழகியவர்கள் 24 மி.மீ. ஒன்றைப் பையில் வையுங்கள். கழுத்து மைக் மூன்று நான்காவது வேண்டும், ஏனென்றால் பதில் ஒருவரிடமிருந்து தொடங்கி இன்னொருவரிடம் முடியும்.

ஒப்புதல் படிவம் இரண்டு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்து வாசித்துக் காட்டுங்கள். நார்தர்ன் டெரிட்டரி அரசே அபோரிஜினல் மொழிபெயர்ப்புச் சேவை ஒன்றை நடத்துகிறது. ‘சம்மதமா?’ என்று கேட்கவே கேட்காதீர்கள். ஆங்கிலத்தில் வெளியாள் ஒருவர் கேள்வி கேட்டால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் மரியாதைக்காகவோ பேச்சை முடிப்பதற்காகவோ ‘ஆமாம்’ சொல்வது அங்கே வழக்கம். போலீஸ் விசாரணைகளில் இந்த ‘ஆமாம்’ பல பேரைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறது. ‘இந்தப் படம் எங்கெல்லாம் போகும் என்று நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்’ என்று கேளுங்கள். அவர் தன் வார்த்தையில் சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது. இல்லையென்றால் இரண்டு நாள் கழித்து மறுபடி போங்கள்.

படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: ஆய்வு, படப்பிடிப்பு, முதல் வெட்டு, இறுதி வெட்டு, பிற்காலப் பயன்பாடு ஆகிய ஐந்துக்கும் தனித்தனிக் கையெழுத்து. கூடவே ‘நான் இறந்துவிட்டால் இன்னாரைக் கேளுங்கள்’ என்ற வரி. அதில் இரண்டு பெயர் வாங்குங்கள். ஒருவர் துக்கத்தில் பேச முடியாத நிலையில் இருக்கலாம், அல்லது உறவு முறைப்படி அவர் பேசவே கூடாதவராக இருக்கலாம். முகம், குரல், பெயர் மூன்றுக்கும் தனிக் கட்டங்கள் போடுங்கள். முகத்தை அனுமதித்துப் பெயரை மறுக்கும் குடும்பங்கள் உண்டு.

எடிட்டிங் மேசையில் செய்யும் முன்னேற்பாடுதான் பின்னால் காப்பாற்றும். பெயர்ப் பட்டைகளை எல்லாம் டைம்லைனில் தனி லேயரில் வையுங்கள், எழுத்தே இல்லாத மாஸ்டர் ஒன்றை எடுத்து வையுங்கள். பின்னணிக் குரல் தனித் தடத்தில் இருக்கட்டும். பதிவின்போதே பெயர் வரும் ஒவ்வொரு வரிக்கும் ‘அந்தப் பெரியவர்’, ‘அவருடைய அக்கா’ என்று பெயரில்லாத மாற்று வரியையும் பதிந்துகொள்ளுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். இதைச் செய்யாதவர்கள் ஐந்தாண்டு கழித்து அதே குரல்காரரைத் தேடி அலைவார்கள், அல்லது பெயர் வரும் இடத்தில் ஒலியை வெட்டிப் படத்தைப் பொத்தலாக்குவார்கள். சப்டைட்டில் கோப்பு, கிரெடிட்ஸ், காணொளியின் விவரக் குறிப்பு ஆகியவற்றிலும் பெயர் ஒளிந்திருக்கும். ஒரு தாளில் எல்லா இடத்தையும் நேரக் குறியோடு எழுதி வையுங்கள்.

தொடக்க எச்சரிக்கை அட்டையைப் பத்து விநாடியாவது நிறுத்துங்கள், எழுத்தோடு குரலாகவும் சொல்லுங்கள். ஆங்கிலம் வாசிக்காத மூத்தவர்களுக்குத்தான் அது முதலில் தேவை, அவர்கள் மொழியில் ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது. இவ்வளவும் செய்துவிட்டு போஸ்டரில் இறந்தவரின் முகத்தைப் போடுகிறார்கள். எச்சரிக்கை படத்துக்குள் இருக்கிறது, முகமோ தெருவில் இருக்கிறது. யூடியூப் தானாக எடுக்கும் சிறுபடமும், முகநூலில் தானாக ஓடும் டிரெய்லரும் அதே தப்பைச் செய்யும். போஸ்டருக்கு நிலக்காட்சி, கைகள், பொருள்கள் போதும்.

படப்பிடிப்பு நடுவே சாவு நேர்ந்தால் ஊர் முழுக்க வேலை நிற்கும். அங்கே இதை ‘சாரி பிசினஸ்’ என்பார்கள். வீட்டைக் காலி செய்து புகை போடுவார்கள், சில தெருக்களில் நடக்கக் கூடாது. எத்தனை நாள் என்று கேட்பதே முறையல்ல. திரும்பும் விமானச் சீட்டை மாற்றக்கூடியதாக எடுங்கள், நிதி ஒதுக்கீட்டில் காத்திருக்கும் நாட்களுக்கும் குழுவுக்குச் சம்பளம் போடுங்கள். இறுதிச் சடங்கைப் படமெடுக்கலாமா என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களுக்கு வேண்டுமென்றால் அழைப்பார்கள்.

போராட்டத்துக்காக எடுக்கும் படங்களுக்கும் இதே கேள்விகள் உண்டு. 1957இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் வார்பர்ட்டன் மலைப்பகுதியில் பட்டினியிலும் நோயிலும் கிடந்த மக்களை அம்மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் கிரேடனும், அபோரிஜினல் தலைவரான பாதிரியார் டக் நிக்கல்ஸும் படமாக்கி வந்தார்கள். மண்டபம் மண்டபமாகத் திரையிட்ட அந்தச் சிறு படம் நகரத்து வெள்ளையர்களை உலுக்கியது. பத்தாண்டு கழித்து, அபோரிஜினல் மக்கள் தொடர்பான அரசியல் சட்டத் திருத்தத்துக்காக நடந்த 1967 மே 27 வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு விழுந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட திரையிடல்களும் இருக்கின்றன. அந்தப் படத்தின் பயனை மறுக்க மாட்டேன். ஆனால் இன்றைக்கு அதே முறையில் எடுப்பதை ஏற்கவும் மாட்டேன். ஒட்டிய வயிற்றோடு ஒரு குழந்தையின் முகத்தைக் காட்டிக் கூட்டத்தை அழ வைப்பது சுலபம். அந்தக் குழந்தை வளர்ந்து, தன் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைப் பார்க்கும் நாள் வரும். 1979இல் முருவாரிப் பெண்மணி எஸ்ஸி காஃபி தன் ஊரான பிரிவாரினாவைப் பற்றித் தானே படம் இயக்கியபோது, கேமராவைப் பிடித்தது அமெரிக்காவிலிருந்து வந்த மார்த்தா அன்சாரா. துணை நிற்பவருக்கு அதுதான் சரியான இடம் என்பது என் கருத்து.

திரையிடலின்போது மேடையில் சொல்லும் நில மரியாதையைப் பற்றிச் சுருக்கமாக. ‘வெல்கம் டு கன்ட்ரி’ என்ற வரவேற்பைச் சொல்லும் உரிமை அந்த நிலத்தின் மரபு உரிமையாளருக்கு மட்டுமே. அழைத்தால் கட்டணம் கொடுங்கள், பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பாதீர்கள். நிலத்தின் மக்களை நினைவுகூர்ந்து மரியாதை செய்யும் ‘அக்னாலெட்ஜ்மென்ட்’ யாரும் சொல்லலாம், ஆனால் சரியான மக்களின் பெயரோடு. சிட்னி நகர மையத்துக்கு எழுதிய, காடிகல் மக்களின் பெயர் சொல்லும் வாசகத்தை வென்ட்வொர்த்வில்லிலும் டூங்காபியிலும் வாசிக்கிறார்கள், அது தாருக் நிலம். மெல்பர்னில் வுருண்ட்ஜெரி, புனுராங் மக்களுக்கு இடையிலான எல்லை 2021 ஜூலை 1 முதல் முறைப்படி வகுக்கப்பட்டது. டான்டினாங் புனுராங் பக்கம். பழைய வாசகத்தை அப்படியே எடுக்காமல் உள்ளூர் நகராட்சியில் சரிபாருங்கள். மேடையில் படம் வைத்து மாலையும் விளக்கும் போடும் நம் வழக்கத்தை, குடும்பத்தின் எழுத்து அனுமதி கையில் இல்லாமல் அங்கே செய்ய வேண்டாம். உச்சரிப்பை முன்கூட்டியே ஒலியாக வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் திருப்பிக் கொடுத்தல். வெட்டி முடித்த படம் மட்டும் போதாது, வெட்டிப் போட்டதிலும் தாத்தாவின் குரல் இருக்கும். மூன்று பிரதிகள் எடுங்கள்: ஊரின் நூலகத்துக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று, கான்பெராவில் உள்ள அயாட்ஸிஸ் (அபோரிஜினல், டோரஸ் நீரிணைத் தீவு மக்களைப் பற்றிய தேசிய ஆய்வு நிறுவனம்) காப்பகத்துக்கு ஒன்று. தெற்கு ஆஸ்திரேலியாவின் அனங்கு மக்களுக்காக 1994இல் தொடங்கிய ‘ஆரா இரிடிட்ஜா’ காப்பகத்தில், அண்மையில் இறந்தவர்களின் படங்களைத் ‘துக்கம்’ என்று குறித்துத் தனியே ஒதுக்கும் வசதி உண்டு. குடும்பம் சொல்லும்போது அவை மறுபடி திறக்கப்படும். நீங்கள் கொடுக்கும் பிரதியோடு ஒரு பட்டியலும் வேண்டும்: எந்தக் கோப்பில் யார், எந்த நிலம், பெண்கள் மட்டும் பார்க்க வேண்டியது எது, ஆண்கள் மட்டும் எது, யாரைக் கேட்டுத் திறப்பது. பட்டியல் இல்லாத ஹார்ட் டிஸ்க்கைக் காப்பாளர் திறக்க மாட்டார். உள்ளே யாருடைய முகம் வரும் என்று அவருக்குத் தெரியாது. கோப்புகளுக்கு ஆள் பெயர் வைக்காமல் எண் வையுங்கள், பெயர்கள் பட்டியலில் மட்டும் இருக்கட்டும். படிவத்தில் வாங்கிய இரண்டு தொடர்பாளர்களையும் ஆண்டுக்கு ஒருமுறை கூப்பிட்டு, எண் மாறியிருந்தால் மூன்று இடத்திலும் திருத்துங்கள்.